சிறுவர் டிரையத்லான்: இடைவெளியில் ஓடும் கடிகாரம்

2002இல் மான்செஸ்டரிலும் 2006இல் மெல்பர்னிலும் நடந்த காமன்வெல்த் டிரையத்லான், 2010இல் தில்லியில் பட்டியலிலிருந்து விடுபட்டது. ஏற்ற இடமில்லை என்பதே காரணம். பெரியவர்கள் 1.5 கி.மீ. நீந்தத் திறந்த நீர்நிலை வேண்டும். யமுனையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சிறுவர்களுக்கு அந்தச் சிக்கல் கிடையாது. ஒரு நீச்சல் குளம், வண்டிகள் நுழையாத சுற்றுச்சாலை, ஒரு மைதானம் போதும். அங்கே யோசிக்க வேண்டியது, நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும் சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் இடைவெளிகளைப் பற்றித்தான். இவற்றை டி1, டி2 என்பார்கள். இரண்டிலும் கடிகாரம் நிற்காது.

மாறுமிடத்தின் விதிகள் கச்சிதமானவை. ஹெல்மெட்டின் வாரை மாட்டிய பிறகே சைக்கிளைத் தொடலாம். சைக்கிளைத் திரும்ப நிறுத்திய பிறகே வாரைக் கழற்றலாம். உள்ளே ஏறி ஓட்டக்கூடாது, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். மாறுமிடத்தின் எல்லைக் கோட்டைத் தாண்டியே ஏற வேண்டும், திரும்பும்போது கோட்டுக்கு முன்பே இறங்க வேண்டும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜோனதன் பிரவுன்லி கோட்டைத் தாண்டுமுன் ஏறியதற்காக 15 விநாடி தண்டனை பெற்று, வெண்கலத்தோடு முடித்தார். அவசரத்திலும் வரிசை தப்பக்கூடாது என்ற இந்தப் பழக்கம், சிறுவயதில் படிந்தால் சாலையிலும் கைகொடுக்கும். பெற்றோரை மாறுமிடத்தைச் சுற்றிய கயிற்றுக்கு வெளியே நிறுத்துவதும் நல்லதே. பள்ளிப் பையைக்கூட அம்மா அடுக்கித் தரும் வீட்டுப் பிள்ளை, தன் பொருளைத் தானே தேடி எடுக்கிறது.

குறை, நேரக் கணக்கில் இருக்கிறது. ஒலிம்பிக் வீரர் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மணி நேரம் போராடுகிறார். மாறுமிடத்தில் செலவாவது அதில் மிகச் சிறு பங்கு. எட்டு வயதுப் பிள்ளைக்கு 100 மீட்டர் நீச்சல், 3 கி.மீ. சைக்கிள், 1 கி.மீ. ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 24 நிமிடத்தில் நான்கு நிமிடம் இடைவெளிகளில் போனால், ஆறில் ஒரு பங்கு அங்கேயே கரைகிறது. நீந்தவும் ஓட்டவும் ஓடவும் ஏற்ற ஒரே உடையும், கட்டவே வேண்டாத எலாஸ்டிக் லேஸும் வாங்கித் தர முடிந்த வீட்டுக்கு அந்த நேரம் மிச்சம். ஈர உடம்பில் ஒட்டிக்கொள்ளும் டி-ஷர்ட்டை இழுத்துப் போடும் பிள்ளைக்கு அது நஷ்டம். நீச்சலுடையோடு வெளியே போகத் தயங்கும் பெண் குழந்தைக்கு இன்னும் கூடுதல். தில்லியின் திறந்தவெளிக் குளங்கள் பெரும்பாலும் கோடையில்தான் இயங்குகின்றன. அப்போது வெறுங்கால் பிள்ளைக்குத் தார் சுடும். “நிதானமாக வாரை மாட்டு” என்று விதியும், “சீக்கிரம்” என்று கடிகாரமும் ஒரே நேரத்தில் சொன்னால், பிள்ளை கடிகாரத்தைத்தான் கேட்கும்.

ஆகவே பத்து வயதுக்குக் கீழே விதிகளை முழுமையாக வைத்துக்கொண்டு கடிகாரத்தை மட்டும் நிறுத்தலாம். காலில் கட்டும் சிப் உள்ளே வரும் நேரத்தையும் வெளியேறும் நேரத்தையும் தனித்தனியாகப் பதியும். இடைப்பட்டதைக் கழிப்பது எளிது. சிப் இல்லாத சிறு போட்டியில் ஒரு தன்னார்வலரின் ஸ்டாப்வாட்ச் போதும். மாறுவதும் சேர்ந்ததுதானே டிரையத்லான் என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் விதிகள் இருக்கும்வரை மாறுவதும் போட்டியில் இருக்கிறது; ஐந்து நிமிட உச்சவரம்பு வைத்தால் யாரும் சாவகாசமாக உட்கார்ந்துவிட மாட்டார்கள். பத்தைத் தாண்டியவர்களுக்குக் கடிகாரத்தைத் திருப்பித் தரலாம். அந்த வயதில் வேகமாக மாறுவது பழகிப் பெறக்கூடிய திறமை. அதற்கு முன்பு அது பெரும்பாலும் பெற்றோரின் பர்ஸையே அளக்கிறது.