ஒற்றை விளக்கும் ஒரு வெள்ளிக் கோடும்

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய பரதேசி யூத ஆலயத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், அந்தச் சந்திலேயே மோதிரம் பார்க்க நின்றுவிடுவார்கள். ஏலமும் சுக்கும் மணக்கிற சந்து. கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக மோதிரங்கள், தலைக்கு மேல் பத்துப் பன்னிரண்டு விளக்குகள். எந்தக் கல்லை வைத்தாலும் மின்னும். வைடூரியம் பார்க்க அதைவிட மோசமான இடம் இல்லை.

அதற்கு ஒற்றை விளக்கு வேண்டும். எனக்கு இதைக் கற்றுத்தந்தவர், அங்கிருந்து நாலு தெரு தள்ளி ஒரு மாடியறையில் பட்டறை வைத்திருந்த பெரியவர். நாகர்கோவில் வடசேரிக்காரர், கோயில் நகை செய்கிற குடும்பம். யாரோ ஒரு அம்மாவின் பழைய மோதிரத்திலிருந்து கழற்றிய கல்லை, மகளுக்காகப் புது மோதிரத்தில் பதித்து வைத்திருந்தார். நான் அதை வாங்கி ஜன்னலோரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெளியே கர்க்கடக மாதத்து மூட்டம். கல்லில் ஒன்றும் தெரியவில்லை.

"அப்படிப் பாத்தா அது கண்ணத் தொறக்காது மக்கா" என்று குழல்விளக்கை அணைத்துவிட்டு, தணல் வைக்கும் உமியோட்டுக்கு மேலே தொங்கிய பல்பை மட்டும் எரியவிட்டார். தேன் நிறத்தில் மந்தமாகக் கிடந்த கல்லின் நடுவே, மேலிருந்து கீழாக, ஒரு வெள்ளிக் கோடு எழுந்து நின்றது. அவர் விரலைச் சாய்த்தார். கோடு கல்லுக்குள்ளேயே வழுக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போனது. நிமிர்த்தியதும் நடுவுக்குத் திரும்பியது.

எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய கூந்தலைப் பாருங்கள். முடி கீழ்நோக்கி ஓடும், பளபளப்பு குறுக்கே ஓடும். பட்டு நூல்கண்டிலும் அப்படித்தான். வைடூரியம் என்பது கிரைசோபெரில் என்னும் கனிமம். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய ஊசிகள் ஒரே திசையில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. வெளிச்சம் பட்டதும் அவற்றுக்குக் குறுக்கே கோடு விழுகிறது. கல் வெட்டுகிறவர் ஊசிகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று கண்டுபிடித்து, அடிப்பக்கம் அவற்றுக்கு இணையாக வரும்படி, பட்டை தீட்டாமல் குமிழாக வழித்தெடுக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் கண் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும்.

ஆகவே முதலில் கோட்டைப் பாருங்கள். நடுவில் இருக்கிறதா, வளையாமல் ஓடுகிறதா, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அறுபடாமல் போகிறதா? வைரம் பார்த்துப் பழகியவர்கள் கண்ணாடிபோலத் தெளிந்த கல்லைத் தேடுவார்கள். இங்கே அந்தப் பழக்கம் உதவாது. ஊசிகள் குறைந்தால் கல் தெளியும், கோடு மங்கும். இரண்டும் ஒருங்கே அமைந்த கல் அபூர்வம். அதனால்தான் அந்த விலை.

அடுத்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடியுங்கள். நல்ல கல்லாக இருந்தால் கோட்டுக்கு ஒருபுறம் தேனாகவும் மறுபுறம் பாலாகவும் தெரியும். விளக்கை எதிர்ப்பக்கம் கொண்டுபோனால் பால் இருந்த இடத்தில் தேன் இருக்கும். நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், இன்னும் அலுக்கவில்லை. பக்கத்தில் இருப்பவரின் செல்போன் டார்ச்சையும் வாங்கி, இரண்டு வெளிச்சத்துக்கு நடுவே கல்லை மெல்லச் சுழற்றுங்கள். ஒரு கோடு இரண்டாகப் பிரியும், மறுபடி சேரும். வைடூரியத்துக்குப் பூனைக்கண் என்ற இன்னொரு பெயர் ஏன் என்பது அப்போதுதான் முழுசாகப் புரியும்.

சுற்றுலாச் சந்துகளில் இதே பெயரில் கண்ணாடியும் விற்கிறார்கள். நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். கோடு வெகு கச்சிதமாக இருக்கும். நிறமோ பச்சை, நீலம், ரோஸ் என்று கேட்டதெல்லாம் கிடைக்கும். பூதக்கண்ணாடி வைத்துக் கல்லின் பக்கவாட்டில், ஊசி ஓடும் திசையில் பாருங்கள். தேன்கூடுபோல அறுகோணங்கள் தெரிந்தால் அது கண்ணாடி இழை. குவார்ட்ஸிலும் பூனைக்கண் உண்டு. அது பொய்க்கல் இல்லை, ஆனால் வேறு கல், வேறு விலை. அதன் அடர்த்தி சுமார் 2.65, வைடூரியத்துக்குச் சுமார் 3.7. கழற்றிய கல்லாக உள்ளங்கையில் வைத்தால் பழகிய கை கனத்திலேயே சொல்லிவிடும்.

இனி மோதிரம். பெரியவர் தங்கத் தகட்டை நாடாவாக வெட்டி, அந்தக் கல்லைச் சுற்றியே வளைத்து, பொடி வைத்து ஊதிப் பற்றவைத்திருந்தார். கையால் வெட்டிய பழைய கல் ஒழுங்கான முட்டை வடிவில் இருக்காது. இதிலும் ஒரு தோள் சற்றுப் புடைத்திருந்தது. நாடாவும் அந்த இடத்தில் மட்டும் புடைத்துக்கொடுத்தது. அச்சில் வார்த்த மோதிரத்தில் இதைப் பார்க்க முடியாது. அங்கே குழிக்கு ஏற்ற கல்லைத் தேடுவார்கள். மோதிரத்தைக் கவிழ்த்தும் பாருங்கள். கல்லின் அடி திறந்து, தோலைத் தொடுகிறதா? கேதுவுக்காக அணிகிறவர்கள் அப்படிக் கேட்பார்கள். பலன்மீது நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் திறந்த முதுகு நல்லது, கல்லின் அடியை மறைக்க முடியாது. கடைசியாக ஒரு பழைய வேட்டித் துணியால் விளிம்பைத் துடையுங்கள். ஒரு நூல்கூடச் சிக்கக் கூடாது.

இந்தக் கல் கொச்சியில் விளைந்தது இல்லை. கேரளத்தின் வைடூரியம் தெற்கே, திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெடுமங்காடு பக்கத்துப் பாறைகளிலும் ஆற்றுச் சரளையிலும் கிடைக்கிறது. ஒரு காலத்தில் இலங்கையும் இந்தப் பகுதியும் ஒரே நிலமாக ஒட்டியிருந்தவை, ஆகவே இலங்கையின் ரத்தினபுரிக் கல்லுக்கும் இதற்கும் உறவு உண்டு. கண்ணால் பார்த்து இது அந்த ஊர், இது இந்த ஊர் என்று பிரித்துச் சொல்லிவிட முடியாது. காட்டுக்குள் திருட்டுத்தனமாகக் குழி தோண்டி எடுப்பதும் நடக்கிறது. அதனால் 'நம்ம ஊர்க் கல்' என்று கடைக்காரர் சொன்னால், அது எப்படி வந்தது என்று கேளுங்கள், பில் கேளுங்கள். என்னைக் கேட்டால், வீட்டிலேயே இருக்கும் பாட்டியின் கல்லைக் கழற்றி மறுபடி பதித்துக்கொள்வதுதான் மேல்.

பெயரிலும் ஒரு பயணம் இருக்கிறது. பழங்காலத்தில் வைடூரியம் என்றால் இன்று நாம் பெரில் என்று சொல்லும் கல். காங்கேயம் அருகே படியூரில் அது கிடைத்தது; மேற்குக் கரைத் துறைமுகங்கள் வழியாக ரோமுக்கும் போனது. 'பெரில்' என்ற சொல்லே வைடூரியம் பிராகிருதத்திலும் கிரேக்கத்திலும் உருமாறிப் பிறந்ததுதான். கொச்சிக்கு வடக்கே பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் கல்மணிகள் குவியலாகக் கிடைத்தன. அந்தத் துறைமுகங்களில் ஒன்றான முசிறி அங்கேதான் இருந்தது என்று பலர் கருதுகிறார்கள்.

கிளம்பும்போது மோதிரத்தைப் பெரியவர் என் சுண்டுவிரலில் மாட்டி, "பால்கனியில போய்ப் பாரும்" என்றார். மேகம் விலகி வெயில் வந்திருந்தது. பல்பு வெளிச்சத்தில் நூலாகத் தெரிந்த கோடு, வெயிலில் சவரக்கத்தி முனையாக மெலிந்து வெளுத்தது. கையை அசைக்காமல் நின்றேன். காயல் பக்கமிருந்து அடுத்த மேகம் வந்து மூடியது. கோடு இரண்டு பக்கமும் விரிந்து, கரைந்து, கல் முழுவதும் தேனாகிவிட்டது.