சும்பிட் மீனின் வேட்டையை ரசிப்பது எப்படி?

நீலகிரி ஓடைகளில், வெள்ளைக்காரர் கொண்டுவந்து வளர்த்த ட்ரவுட் மீனானது, கரைப்புல்லிலிருந்து தவறி விழும் வெட்டுக்கிளியை நீர்மட்டத்துக்கு எழும்பி வந்து கவ்வும் அழகைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கும் மூவார் வாசகர்கள், அத்தகைய காட்சி நம் ஊருக்கு வாய்க்கவில்லையே என்று ஏங்க வேண்டியதில்லை. ட்ரவுட், பூச்சி விழும்வரை காத்திருக்கும்; நம் ஆற்றுமுகத்துக் கண்டல் நிழலில் உலவும் சும்பிட் மீனோ, இலைமேல் அமர்ந்த பூச்சியை நீரால் எய்து வீழ்த்தி உண்ணும். இவ்விரண்டில் நம்முடைய மீனுக்கே நான் முதலிடம் தருவேன்.

ஏற்றநீர் கண்டல் மரங்களின் தாழ்ந்த கிளைகளை எட்டும் சமயமே இதைக் காண உகந்த காலம். நீர் வற்றிவிட்டால் இலைகள் எட்டாத உயரத்துக்குப் போய்விடும். மீனும் சேற்றோரத்தை விட்டு ஆழத்துக்கு நகர்ந்துவிடும். முசுறு எறும்புகள் சாரிசாரியாக ஊரும் கிளையொன்றைத் தேர்ந்து, படகை அசையாமல் நிறுத்தி, நம் நிழல் நீரில் விழாதபடி அமர்ந்துகொள்ள வேண்டும். வெள்ளி நிற உடலில் கறுப்புப் பட்டைகள், நேரான முதுகு, மேல்நோக்கி நீண்ட கீழ்த்தாடை, முகத்துக்கு மீறிய பெரிய கண்கள்: இந்த லட்சணங்களை மனத்தில் கொண்டால் வேறு மீனோடு குழப்பிக்கொள்ள நேராது. அப்படிக் குழப்பிக்கொண்டவர்கள் சாமானியர்கள் அல்லர். பத்தேவியாவிலிருந்து வந்த தகவலைக் கொண்டு 1764-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு இந்த அதிசயத்தை அறிவித்த ஷ்லாஸர் என்னும் பண்டிதரிடம், எய்யும் மீன் இதுவே என்று அனுப்பப்பட்டது முற்றிலும் வேறொரு மீன். பிழை திருத்தப்பெற்று, 1767-இல் பல்லாஸ் என்பவர் உண்மையான மீனுக்குச் சாஸ்திரப் பெயரிட்டார்.

எய்யும் விதத்தைச் சற்று அறிந்துகொண்டு பார்த்தால் ரசனை பன்மடங்காகும். மேலண்ணத்திலுள்ள நீண்ட பள்ளத்தோடு நாக்கை அழுத்திக் குழலாக்கிக்கொண்டு, செவுள்மூடிகளை மீன் சட்டென இறுக்குகிறது. அவ்வாறு பீறிடும் தாரையில் பின்வரும் நீர் முன்செல்லும் நீரைவிட வேகமாகப் பாய்வதால், இலக்கை எட்டும் தறுவாயில் எல்லாம் ஒரு திரளாகச் சேர்ந்து பூச்சியைத் தாக்குகிறது. பூச்சி பெரிதானால் அதற்கேற்ப அதிக நீரைச் செலவிடுகிறது. நீருக்குள்ளிருந்து நோக்கும் கண்ணுக்கு வெளியிலுள்ள பொருள் இடம் மாறித் தோன்றும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அந்த மாறுதலைக் கணக்கில் கொண்டு, ஒரு மீட்டருக்கு அப்பாலுள்ள பூச்சியையும் இந்த மீன் வீழ்த்துகிறது.

ஆயினும், எய்யும் கணத்திலேயே கண்ணைப் பதித்துவிடுகிறவர்கள் பாதி விருந்தைத் தவறவிடுகிறார்கள். பூச்சி கிளையை விட்டுப் பிரிந்ததும் பார்வையை நீர்மட்டத்துக்குத் தாழ்த்திவிட வேண்டும். எய்த மீன் மட்டுமன்றி, அருகே சும்மா இருந்த மீன்களும், விழும் பூச்சியின் திசையையும் வேகத்தையும் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்குக்குள் மதிப்பிட்டு, அது வந்து விழப்போகும் இடத்தை நோக்கி நேராகப் பாய்கின்றன. பூச்சியைத் துரத்திக்கொண்டு போவதில்லை. ஜெர்மனியின் பைராய்ட் சர்வகலாசாலையில் ஷூஸ்டர் என்ற அறிஞரும் அவர் சகாக்களும் நுணுக்கமாக ஆராய்ந்தது இந்தத் திருப்பத்தைத்தான். உழைத்தவனுக்கே பலன் கிட்டும் என்ற நியதி அங்கே இல்லை, முந்தியவனுக்கே இரை.

தூண்டிலோடு செல்பவர்களுக்கும் இதிலிருந்தே வழி பிறக்கிறது. ட்ரவுட்டுக்கு வெட்டுக்கிளி வடிவில் கட்டுவதுபோல, மானின் ரோமத்தாலோ மிதக்கும் நுரைப்பொருளாலோ வண்டு வடிவில் பொய்ப்பூச்சியொன்றைக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் வாய் சிறிதாகையால் அளவு மிஞ்சலாகாது. மயிலிறகுபோல் மென்மையாக இறக்குவதுதான் இக்கலையின் உச்சம் என்று எண்ணுகிறவர்கள், இங்கே அந்த எண்ணத்தை விட்டுவிட வேண்டும். இலையிலிருந்து உண்மையான வண்டு எப்படித் தொப்பென்று விழுமோ, அப்படியே கிளையின் நேர்கீழே விழச்செய்து, இழுக்காமல் விட்டுவைக்க வேண்டும். கொக்கியின் எதிர்முள்ளை முன்னதாகவே குறட்டால் நசுக்கிவைத்தால், அகப்பட்ட மீனை நீரிலேயே வைத்து, காயமின்றி விடுவித்துவிடலாம். விட்ட மீன் தன் கூட்டத்தோடு சேர்ந்து அதே கிளையடிக்குத் திரும்புகிறதா என்று, தூண்டிலை மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் கவனிப்பது நல்லது.