பார்வையின் பொறுப்பு

அமெரிக்கப் பெண்ணிய எழுத்தாளர் நவோமி உல்ஃப், 'நியூயார்க்' இதழில் 2003ஆம் ஆண்டு 'தி போர்ன் மித்' என்றொரு கட்டுரை வரைந்தார். ஆபாசப் படங்கள் ஆடவரை வன்புணர்வாளராக்கும் என ஆண்ட்ரியா டுவர்க்கின் முன்னர் எச்சரித்திருந்தார். நிகழ்ந்தது வேறு என்பதே உல்ஃபின் வாதம். இணையத்தில் இடையறாது கிட்டும் பிம்பங்கள் ஆடவர் உணர்வை மரத்துப்போகச் செய்தன. கல்லூரிகளில் அவர் சந்தித்த இளம்பெண்களோ, திரையிலுள்ள பெண்ணோடு தம்மால் போட்டியிட இயலாதெனக் குமைந்தனர்.

இக்குமைச்சலின் உளவியல் வேரை ஃபிரெட்ரிக்சன், ராபர்ட்ஸ் ஆகிய இருவர் 1997இலேயே விளக்கியிருந்தனர். தன்னைப் பொருளாகக் காணும் பிறர் கண்ணையே பெண் தன் கண்ணாக்கிக் கொள்கிறாள்; ஓயாது தன் உடலைக் கண்காணித்து வெட்கமும் கலக்கமும் அடைகிறாள். இவ்வெட்கம் வேறு, இஸ்லாம் போற்றும் 'ஹயா' வேறு. அல்லாஹ் தன்னைக் காண்கிறான் என்னும் உணர்வில் பிறப்பது ஹயா. இதுவோ மனிதரின் மதிப்பீட்டுக்கு அஞ்சுவது.

உல்ஃபின் எழுத்தில் குறைகளும் உண்டு. அது உரையாடல்களின்மேல் எழுந்ததேயன்றி முறையான ஆய்வின்மேல் எழுந்ததன்று. ஆடவர் காண்பதன் விளைவை விரித்துரைக்கும் அது, பெண்கள் தாமே காண்கையில் நேர்வதை ஆராயவில்லை.

ஜெரூசலத்தில் வாழும் யூதத் தோழியொருத்தி, கணவர் மட்டுமே காணத் தன் கூந்தலை மறைத்திருப்பதை உல்ஃப் வியந்து எழுதும் இடம் நம்மவர்க்கு இனிக்கும். ஆயினும் அதனைப் பர்தாவுக்குக் கிடைத்த நற்சான்றாக ஏந்துவது நேர்மையாகாது. மறைப்புக்குத் திரும்புமாறு தாம் கூறவில்லை என்பதையும் அவரே தெளிவுபடுத்தியுள்ளார்.

நமக்குரிய சான்று வேறிடத்தில் உள்ளது. சூரா அந்நூரின் 30ஆம் வசனம் பார்வையைத் தாழ்த்துமாறு முதலில் ஆடவரையே பணிக்கிறது; பெண்களுக்கான கட்டளை அடுத்த வசனத்தில்தான் வருகிறது. இறுதி ஹஜ்ஜின்போது மார்க்க விளக்கம் கேட்டு வந்த பெண்ணொருத்தியை இளைஞர் ஃபழ்ல் இப்னு அப்பாஸ் நோக்கலானார். நபி (ஸல்) அவர்கள் அவருடைய முகத்தை மறுபுறம் திருப்பினார்கள். அப்பெண்ணின் வினாவுக்கோ விடை பகர்ந்தார்கள். ஸஹீஹுல் புகாரி தரும் செய்தி இது.

நம் இல்லங்களில் நடப்பது என்ன? மகளின் கைப்பேசி சோதிக்கப்படுகிறது. மகனுடையது பூட்டிய அறைக்குள் விடிய விடிய ஒளிர்கிறது. தவறிப் பார்த்துவிட்ட மகளுக்கு ஏச்சு கிடைக்கிறதேயன்றி, தவ்பாவின் வாசல் திறந்திருப்பதை எடுத்துரைக்க ஆளில்லை. மகனின் முகத்தைத் திருப்பவும் மகளின் வினாவுக்கு விடை பகரவும் நாம் கற்காதவரை, உல்ஃபின் கட்டுரையை மேலை நாட்டின் சீரழிவுக்கு மட்டும் சான்றாக எடுத்தோதும் தகுதி நமக்கில்லை.