பெயரில்லாத மாமாக்கள்

டிலன் தாமஸ் ‘எ சைல்ட்ஸ் கிறிஸ்மஸ் இன் வேல்ஸ்’ நினைவுச்சித்திரத்தைத் தன் குரலில் பதிவு செய்தது 1952இல், ஊரைவிட்டு வெகுதொலைவில், நியூயார்க்கில். பனியும் பரிசுகளும் நிறைந்த இனிய நினைவு என்றே பலரும் அதை வாசிக்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை.

போன டிசம்பரில் டொராண்டோவில், இரண்டு வயது மகளை மடியில் போட்டுக்கொண்டு அதைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். விருந்து முடிந்து கணப்பருகே அசந்து கிடக்கும் ‘அங்கிள்’களிடம் வந்ததும் நாக்கு நின்றுவிட்டது. பெரியப்பாவா, சித்தப்பாவா, மாமாவா? உறவு முறையைக் கேட்காமல் தமிழ் நகராது.

தாமஸுக்கு அந்தக் கவலையே இல்லை. அவருடைய அங்கிள்கள் பெரும்பாலும் பெயரில்லாதவர்கள். வீட்டு நாற்காலிகளைப் போல எப்போதும் இருப்பவர்கள். யாரையும் அவர் ஏக்கத்தோடு வர்ணிப்பதில்லை. எழுத்தின் பலமே அந்த அலட்சியம்தான். உறவுக்கூட்டத்துக்குள் வளர்ந்த குழந்தைக்கு மட்டுமே அது வாய்க்கும்.

என் மகள் நேரில் பார்க்கிற ஆண்கள் எல்லோரும் அவளுக்கு அங்கிள். சேலம் குழந்தை இயேசு பேராலயத்துக் குடிலை அவள் பார்த்ததுகூட என் அண்ணன் பிடித்த வீடியோ காலில்தான்.

கடைசியில் “மாமாங்க எல்லாம் தூங்குறாங்க” என்று சொல்லிவைத்தேன்.

“போன்லயா?” என்றாள்.