இரண்டு புள்ளியில் இருக்கிறது அரபி

இரண்டு வாரமாக வீட்டில் எனக்கு வேறு பேச்சே இல்லை. என் மடிக்கணினியில் அரபி தட்டுகிறேன்! ஜபர், ஜேர், பேஷ், ஷத்து என ஹரகத்துக் குறிகள் எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார, மதரசாவில் ஓதிய கிதாபு மாதிரியே பக்கம் வருகிறது.

துஆ நூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. இதுவரை தமிழ் வரிகளை மட்டும்தான் திரையில் திருத்த முடிந்தது. அரபி வரிகள் படமாக ஒட்டப்பட்டு வரும். ஒரு புள்ளி தவறியிருந்தாலும் காகிதத்தில் சுழித்துக் கொடுத்துவிட்டு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இப்போது அந்தக் கவலை போயிற்று, ஒரு பைசா செலவில்லாமல். விண்டோஸ் அமைப்புகளின் மொழிப் பகுதியில் அரபியைச் சேர்த்து, 'அரபிக் 101' விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தேன். விண்டோஸ் விசையோடு இடைவெளிப் பட்டையைத் தட்டினால் தமிழிலிருந்து அரபிக்குத் தாவலாம். வலப்பக்க கன்ட்ரோலையும் ஷிப்ட்டையும் சேர்த்து அழுத்தினால் பத்தி முழுவதும் வலமிருந்து இடமாகத் திரும்பிக்கொள்கிறது. ஷிப்ட்டோடு க்யூ என்றால் ஜபர், ஏ என்றால் ஜேர், இ என்றால் பேஷ், எக்ஸ் என்றால் சுகூன். லாம்-அலிஃபுக்கு 'பி' என்று தனி விசையே உண்டு! சொல்லின் முதல், நடு, கடைசி என இடத்துக்கேற்ப எழுத்துகள் தாமாகவே உருமாறிக் கைகோத்துக்கொள்கின்றன.

எழுத்துருவுக்கு அமீரியை எடுத்துக்கொண்டேன். அதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குத் தீராது. கெய்ரோவின் பூலாக் அச்சகத்தில் 1905ஆம் ஆண்டுவாக்கில் வார்த்த ஈய எழுத்துகளின் அழகை எகிப்தியரான காலித் ஹுஸ்னி கணினிக்குள் கொண்டுவந்து, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளத் தந்திருக்கிறார். மீமின் வளைவைப் பாருங்கள், ஷத்துக்கு மேல் ஜபர் ஏறி நிற்கும் நேர்த்தியைப் பாருங்கள். முதல் வரியை 24 புள்ளி அளவில் வைத்துப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

மெய்ப்புப் பார்ப்பவருக்கு உண்மையான விருந்து இதற்குப் பிறகுதான். கடைசி எழுத்து யாவாக இருந்து, கீழே இரண்டு புள்ளி இருந்தால் 'அலீ' என்ற பெயர். புள்ளி இல்லாவிட்டால் 'அலா', அதாவது 'மீது'. இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் எழுத்துப்பிழை திருத்தி வாய் திறக்காது. தேடும் பெட்டியில் 'அலீ'யைத் தட்டி ஒவ்வோர் இடமாக நின்று பார்க்கிறேன். படமாக இருந்த காலத்தில் இதைக் கனவிலாவது நினைத்திருப்பேனா?

உருது விசைப்பலகையில் தட்டிய கோப்புகளில் இன்னொரு கள்ளன் ஒளிந்திருக்கிறான். உருது காஃபும் அரபி காஃபும் சொல்லின் முதலிலும் நடுவிலும் ஒரே மாதிரி தெரியும், கடைசியில் வந்தால்தான் வேஷம் கலையும். ஆனால் ஒருங்குறியில் இரண்டும் வேறு வேறு. 'கிதாப்' என்று தேடினால் கண்ணெதிரே இருக்கும் 'கிதாப்' கிடைக்காது! உருதுக் காஃபைத் தேடி மொத்தமாக மாற்றிவிட்டால் நொடியில் எல்லாம் சுத்தம்.

வேர்டில் ஹரகத்துகளுக்கு மட்டும் தனி நிறம் கொடுக்கவும் வழி இருக்கிறது. நான் சிவப்பு வைத்திருக்கிறேன். விட்டுப்போன ஜேர் சட்டென்று கண்ணில் படுகிறது. தமிழ்ப் பத்திக்குள் வரும் அரபி வாக்கியத்தின் முற்றுப்புள்ளி மட்டும் எதிர்ப்பக்கம் ஓடிப்போகும். அதற்குப் பின்னால் 'வலமிருந்து இடம்' என்னும் கண்ணுக்குத் தெரியாத ஒருங்குறிக் குறியை இட்டால் சமர்த்தாகத் திரும்பி வந்துவிடும்.

அரபி ஓதத் தெரிந்து வீட்டில் கணினியும் இருந்தால், இன்றைக்கே அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அமீரியை இறக்கி, உங்கள் பெயரை அரபியில் ஹரகத்தோடு தட்டிப் பாருங்கள்.