முகிற்படமும் தோட்டத்து வானமும்

வானை நம்பி வாழ்ந்த மக்களின் இலக்கியத்தில் முகில் சிறப்பிடம் பெற்றதில் வியப்பில்லை. திருக்குறளில் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பு அமைகின்றது. சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்தில் திங்களையும் ஞாயிற்றையும் அடுத்து மழை போற்றப்படுகின்றது. 103 அடிகளே கொண்ட முல்லைப்பாட்டு, கடல்நீரை முகந்தெழும் முகிலைத் திருமாலோடு ஒப்பிட்டுத் தொடங்குகின்றது. நிகண்டுகளைப் புரட்டும் மாணவர் எழிலி, கொண்டல், கொண்மூ, மஞ்சு, மங்குல், கார் என முகிலுக்கு வழங்கிய பெயர்களைக் கண்டு மலைப்பர். அவற்றுள் சில, முகிலின் உருவைக் காட்டிலும் அதன் செயலையே குறிப்பன. எழுவது எழிலி, நீரைக் கொண்டது கொண்டல். 1802ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த லூக் ஹோவர்டு என்பார் முகில்களை வகைப்படுத்தி இலத்தீன் பெயர் சூட்டியபோது குவியல், படலம், சுருள் என உருவையே அடிப்படையாகக் கொண்டார். தமிழர் பார்த்ததோ முகில் என்ன செய்யும் என்பதை.

அத்தகைய மக்களின் வழிவந்தோர் இன்று முகிலை எப்பயனும் கருதாது பார்க்கின்றனர். பள்ளி விட்டுத் திரும்பும் ஆசிரியரும், பேருந்துக்குக் காத்து நிற்கும் மாணவியும், ஈப்போவின் வணிக வளாகத்தில் வண்டி நிறுத்தும் குடும்பத்தினரும் கைப்பேசியை உயர்த்தி வானைப் படமெடுப்பது அன்றாடக் காட்சியாகிவிட்டது. இதனை வெறும் பொழுதுபோக்கு எனத் தள்ளுவோர் உளர். யாரும் எடுக்கக்கூடிய படத்தில் கலை ஏது என்பது அவர்தம் வினா. வினா நியாயமானதே, ஆயின் அதற்கு விடை காண்பதற்குமுன், படமெடுப்போர் எத்தகைய வானின்கீழ் நிற்கின்றனர் என்பதை அறிதல் வேண்டும்.

ஈப்போ கிந்தாப் பள்ளத்தாக்கில் அமைந்த நகரம். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். அதில் 2,183 மீட்டர் உயரமுள்ள கொர்பு மலை. மேற்கே கிளேடாங் குன்றுத் தொடர். இடையிடையே செங்குத்தாக எழும் சுண்ணாம்புக் குன்றுகள். காலை வெயிலில் சூடேறும் சரிவுகளிலிருந்து ஈரக்காற்று எழுந்து, நண்பகலுக்குமேல் குவிமுகிலாகத் திரண்டு, சில நாள்களில் 15 கிலோமீட்டருக்கும் மேலாக வளர்ந்து, மாலையில் இடியோடு இறங்கும். பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் திங்கள்களில் இக்காட்சி மிகுதி. வடக்கே தைப்பிங் நகரிலோ ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை. படக்காரனுக்கு இதனினும் வளமான வானம் வாய்ப்பது அரிது.

ஆயின் இவ்வளம் தோட்டத்து மக்களுக்கு வளமாகத் தோன்றியதில்லை. 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ஒன்பது கன்றுகளிலிருந்து தொடங்குவது பேராக்கின் இரப்பர் வரலாறு. அதன்பின் பல தலைமுறைத் தமிழர், பால்மர நிரைகளுக்குள் இலைக்கூரையையே வானமாகக் கண்டு வாழ்ந்தனர். பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் திங்கள்களில் மரங்கள் இலையுதிர்க்கும்போது நிரைகளின்மேல் நீலம் திறக்கும். ஆனால் புதுத்துளிர் விடும் அந்நாள்களில் பால் குறையும். திறந்த வானமும் நட்டக் கணக்கிலேயே சேர்ந்தது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்றவர் தலையை உயர்த்தியது அழகை நாடி அன்று. இரவு மழையில் பட்டை நனைந்திருந்தால் வெட்ட இயலாது. வெட்டியபின் மழை இறங்கினால் பால் கோட்டைவிட்டு விலகிப் பட்டை வழியே ஒழுகும். மங்கில் எஞ்சுவது வெண்ணீர். வெட்டில்லா நாளில் கூலி குறைந்தது, அல்லது இல்லாமலே போயிற்று. மாதச் சம்பளம் வேண்டும் என்னும் கோரிக்கை தோட்டத் தொழிலாளர் இயக்கத்தில் நெடுங்காலம் ஒலித்ததற்கு இக்கருமுகிலும் ஒரு காரணம். முல்லைத் தலைவி கார்முகிலைக் கண்டு தலைவன் வரவை எதிர்நோக்கினாள். தோட்டத்துத் தாயோ மளிகைக் கடையின் பற்றுக் கணக்கை நினைத்தாள்.

இங்கு ஒரு முரண்பாடு. நாள்தோறும் அத்தனை கண்கள் பார்த்த அவ்வானம், அக்காலப் படங்களில் காணப்படுவதே இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துத் தோட்டப் படங்களை நோக்குக. துரையின் பங்களா தெளிவாக உள்ளது. நிரைகளும் வாளியேந்திய பெண்களும் தெளிவாக உள்ளனர். மேலே வெறும் வெண்மை. முகிலற்ற நாளாகப் பார்த்து எடுத்தனர் என்பதன்று காரணம். பழைய படத்தகடுகள் நீல ஒளியை அளவுக்குமேல் ஏற்றன. நீல வானும் வெண்முகிலும் அவற்றில் வேறுபாடின்றி வெளுத்தன. பிரான்சு நாட்டின் குஸ்தாவ் லெ கிரே 1850களில் கடலை ஒரு தகட்டிலும் வானை மற்றொரு தகட்டிலும் எடுத்து இணைத்தது இக்குறையை வெல்லவே. எல்லா நிறத்தையும் உணரும் தகடும் மஞ்சள், சிவப்பு வடிகண்ணாடிகளும் பரவிய பின்னரே முகில் எளிதாகப் படத்துள் வந்தது. கூலியைத் தீர்மானித்த முகில்கள் பதிவின்றியே கலைந்துபோயின.

யாரும் எடுக்கலாமே என்னும் வினாவுக்கு விடை கூறியவருள் முதன்மையானவர் அமெரிக்கரான ஆல்பிரெட் ஸ்டீக்லிட்ஸ். அவருடைய உருவப்படங்களின் ஆற்றல், எதிரே அமர்ந்தோரை அவர் வசப்படுத்தியதால் வந்தது என்று ஒரு திறனாய்வாளர் எழுதினார். யார்க்கும் வசப்படாத பொருளை எடுத்துக் காட்டுவதென 1922இல் லேக் ஜார்ஜ் என்னும் ஊரில் அவர் முகிலை எடுக்கத் தொடங்கினார். முகில் எல்லார்க்கும் பொது என்பதே அவர் அதைத் தேர்ந்ததற்குக் காரணம். எளிமை இழிவன்று, அதுவே தேர்வு. அடுத்த பத்தாண்டுகளில் எடுத்த இருநூற்றுக்கும் மேற்பட்ட படங்களுள் பலவற்றுக்கு 'ஈக்விவலன்ட்ஸ்', அதாவது 'நிகர்கள்' எனப் பெயரிட்டார். அவை சுவரை நிறைக்கும் படங்கள் அல்ல. ஏறத்தாழ உள்ளங்கை அளவினவே. இன்றைய கைப்பேசித் திரையின் அளவு என்றாலும் பெரும்பிழை ஆகாது.

ஸ்டீக்லிட்ஸ் பல படங்களில் தரையை முற்றும் விலக்கினார். மேல் எது கீழ் எது என்று அறியாத நிலையில், பார்ப்பவர் தம் உள்ளத்தையே முகிலில் காண வேண்டும் என்பது அவர் நோக்கம். பேராக்கில் எடுக்கப்படும் படங்களுக்கு இம்முறை முழுதும் பொருந்துமா என்பது ஐயத்திற்குரியது. தரையற்ற படம் எவ்வூர் வானமும் ஆகலாம். பல தோட்டங்களில் இரப்பர் வீழ்ந்து செம்பனை ஏறிற்று, சில வீடமைப்புப் பகுதிகளாயின, லயங்கள் இடிக்கப்பட்டன. பெயர்ந்து சென்றவர் திரும்பி வந்து காணும்போது பழைய இடத்தில் பழையபடியே இருப்பது கோயிலும் வானமும்தாம். சில இடங்களில் கோயிலும் இல்லை. ஆகவே படத்தின் அடியில் ஒரு தகரக் கூரையோ, சுண்ணாம்புக் குன்றின் விளிம்போ, மின்கம்பியோ இருத்தல் நன்று. அழகுக்குக் கேடு என்று கம்பியை வெட்டியெறிவோர் தம் ஊரையும் சேர்த்தே வெட்டியெறிகின்றனர்.

நிறத்தை மிகைப்படுத்துவது மற்றொரு குறை. மாலைச் செம்மையைக் குங்குமக் குழம்பாக்கும் படம், எடுத்தவர் தம் கண்ணை நம்பவில்லை என்பதையே காட்டும். முகிலில் யானையும் சிங்கமும் தேடித் தலைப்பிடும் பழக்கம் சிறுவர்க்குத் தகும். படத்துக்கு அது உதவுவதில்லை. இத்தனைப் பெயர்கள் தமிழில் இருக்க, மாணவர் தம் படத்தின்கீழ்க் கொண்டல் என்றோ மஞ்சு என்றோ எழுதிப் பார்க்கலாம். எழுதுமுன் மலைமுகட்டைத் தழுவுவது எது, நீர் சுமந்து கறுத்தது எது என உற்று நோக்க நேரும். பொழுதுபோக்காளரின் நோக்கு வீண் போவதில்லை என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2005இல் பிரிட்டனில் தோன்றிய முகில் விரும்பிகள் சங்கத்தினர் அனுப்பிய படங்களின் விளைவாக, அலைபுரளும் ஒரு முகில்வடிவம் 'அஸ்பெரிட்டாஸ்' என்னும் பெயரோடு 2017இல் உலக வானிலை அமைப்பின் முகிற்படத் தொகுதியில் இடம்பெற்றது.

வானே இல்லாத நாள்களும் உண்டு. 1997இல் சுமத்திராவிலும் கலிமந்தானிலும் எரிந்த தீயின் புகைமூட்டம் தீபகற்பத்தையும் மூடிற்று. 2015இலும் 2019இலும் அது மீண்டபோது பள்ளிகள் மூடப்பட்டன. அந்நாள்களில் எடுத்த சாம்பல்நிறப் படங்களில் அழகு இல்லை. எனினும் தொகுப்பிலிருந்து நீக்கத்தக்கவை அல்ல. அவற்றின் பக்கத்தில் வைத்தால்தான், மழை கழுவிய மறுநாளில் எடுத்த வெண்முகிலின் மகிழ்ச்சி விளங்கும்.

கோலகங்சார், சுங்கை சிப்புட் வட்டாரங்களில் சிறுதோட்டக்காரர் இன்றும் பால் வெட்டுகின்றனர். அவருள் ஒருவர் மாலை ஐந்து மணிக்கு மலைமேல் எழும் கொண்டலை நின்று படமெடுக்கக்கூடும். விடியற்காலை ஐந்து மணிக்கு அதே கைப்பேசியில் அவர் பார்ப்பது வானிலை அறிவிப்பு.