ஒரு தீர்ப்பு, ஒரு நீதிபதியின் மனசு

சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று கொடுத்த ஒரு தீர்ப்பைத் தன்பாலின ஈர்ப்பாளர் உரிமைக்கான தீர்ப்பாகவே எல்லோரும் வாசிக்கிறோம். சரிதான். ஆனால் எனக்கு அது நீதிபதிகளின் மனநலம் பற்றிய ஆவணமாகவும் படுகிறது.

மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள், காதலர்கள், போலீஸ் தொந்தரவிலிருந்து பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முதலில் அவர்களையும் பெற்றோரையும் உளவியல் ஆலோசனைக்கு அனுப்பினார். பிறகு அதே நிபுணரிடம் தானும் போய் உட்கார்ந்தார். தனக்கு முன்முடிவுகள் இருந்ததையும் தீர்ப்பிலேயே எழுதினார். சட்டத்தின் இறுக்கமான நடைக்குப் பழகியவர்களுக்கு இந்த 'நான்' கொஞ்சம் அதிகமாக உருகுவதுபோல் தோன்றலாம். எனக்கும் சில இடங்களில் அப்படித்தான் இருந்தது. ஆனாலும், தீர்ப்பு எழுதுவது ஒரு மனிதமனம், அதற்கும் உதவி தேவைப்படும்னு பதவியில் இருக்கும் ஒரு நீதிபதி பதிவில் ஏற்றியது சாதாரண விஷயமில்லை.

ஏன்னா, நாம் நீதிபதிகளைப் பாராட்டும் மொழியே வேறு. 'ஜெய் பீம்' வந்தபோது நீதிபதி சந்துரு முடித்த 96,000 வழக்குகளைப் பற்றித்தான் எங்கும் பேச்சு. 2006 ஜூலை முதல் 2013 மார்ச் வரை, மாதத்துக்குச் சுமார் 1,200. வழக்குகளைப் பொருள்வாரியாகப் பிரித்து முடித்தது அவருடைய திறமை, அதில் சந்தேகமில்லை. ஆனால் எத்தனை டிக்கெட் மூடினாய் என்று மட்டும் கேட்கும் மென்பொருள் துறையில் இருபது வருடம் இருந்தவனுக்கு, அந்த எண் எதைச் சொல்லாமல் விடும் என்று தெரியும்.

2016 ஏப்ரலில் தலைமை நீதிபதி டி.எஸ். தாக்கூர் பிரதமர் முன்னால் கண்கலங்கினார். 10 லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987லேயே சொன்னது நடக்கவில்லை என்பது அவர் ஆதங்கம். ஆள் பற்றாக்குறை ஒரு பக்கம். தனிமை இன்னொரு பக்கம். உச்ச நீதிமன்றம் 1997இல் ஏற்ற நடத்தை நெறிகள், நீதிபதி ஓரளவு ஒதுங்கியே வாழ வேண்டும், வழக்கறிஞர்களோடு நெருங்கிப் பழகக் கூடாது என்கின்றன. நடுநிலைக்கு அது தேவைதான். ஆனால் போக்சோ நீதிமன்றத்தில் நாளெல்லாம் குழந்தைகளின் சாட்சியம் கேட்டவர், சாயங்காலம் யாரிடம் பேசுவார்?

2021 தீர்ப்பின் குறையும் இங்கேதான். போலீஸ், சிறை, பள்ளி, பெற்றோர், நீதித்துறை என எல்லோருக்கும் விழிப்புணர்வுப் பயிற்சி சொல்கிறது. நீதிபதிக்கே ஒரு துணை வேண்டும் என்பதை மட்டும் தொடவில்லை. அவர் முன் இருந்த வழக்கு அதைக் கேட்கவில்லை, உண்மை. விளைவு, அவர் செய்தது ஒரு தனிமனிதரின் நல்ல குணமாகவே நின்றுவிட்டது.

நீதிபதிகளின் நலன் குறித்த நவூரு பிரகடனம் 2024 ஜூலை 25இல் வந்தது. அந்தத் தேதியை அதற்கான சர்வதேச நாளாக ஐ.நா. 2025இல் அறிவித்தது. நம்மூரில் நீதித்துறைப் பயிற்சிக்கழகம் கிரீன்வேஸ் சாலையில் இருக்கிறது; நீதிபதிகளின் பங்களாக்களும் அதே சாலையில்தான். ரகசியம் காக்கும் ஓர் ஆலோசகரை அங்கே நிரந்தரமாக வைப்பதில் என்ன தடை?

'ஆலோசனைக்குப் போகிற நீதிபதியை மக்கள் நம்புவாங்களா?' என்று கேட்பவர்கள் இந்தத் தீர்ப்பை ஒருமுறை வாசிக்கலாம். போய் வந்ததை அவர் மறைக்கவில்லை. அதனால் தீர்ப்பின் மதிப்பு குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.